உன் சாட்சியில் விட்டுப்போனவை

எபி,

போனில் இதைச் சொல்லி முடிக்க முடியாது என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "அப்பா, ஜெபிச்சிக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறாய். நீ சென்னையில் கண்ணை மூடுவது ஆரணியில் இருக்கும் எனக்குத் தெரிகிறது. ஜெபம் முடிந்ததும் "ஆமென், வச்சிடறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே போகிறது. கடவுளைக் குறுக்கே நிறுத்திவிட்டு நீ நழுவுவது எனக்குச் சலித்துவிட்டது. கடிதத்தை வேண்டுமானால் நீ படிக்காமல் மடித்து வைக்கலாம். நடுவில் என் வாயை மூட முடியாது.

உன்னைப் போதகராக்கும் அபிஷேக ஆராதனையின் அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. வழுவழுப்பான அட்டை, கோட்டுப் போட்ட உன் கலர் படம், அதற்குக் கீழே நிகழ்ச்சி நிரல். அதில் 'சிறப்புச் சாட்சி: சகோதரர் எபினேசரின் தகப்பனார்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சிறுவனாக இருந்தபோது எப்படிச் சாவிலிருந்து மீண்டாய் என்று அத்தனை பேர் முன்னால் நான் மைக்கில் சொல்ல வேண்டுமாம். உங்கம்மா அந்த அழைப்பிதழை பீரோக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். போகிறபோதும் வருகிறபோதும் தொட்டுப் பார்க்கிறாள். எபி, நான் அந்த மேடையில் ஏறப் போவதில்லை. ஏன் என்பதை நீ என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை. உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அல்லேலூயா சொல்பவர்கள்.

போன மாதம் கோட்டை மைதானத்தில் உங்கள் சுகமளிக்கும் கூட்டம் நடந்ததே, அன்று உங்கம்மாவை உன் ஆட்கள் முன்வரிசை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நான் பின்னால், ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ உன் சாட்சியைச் சொன்னாய். நீங்கள் போட்ட சி.டி.யில் ஏற்கெனவே கேட்டதுதான். நேரில் அன்றைக்குத்தான் கேட்டேன். "டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. வெள்ளைத் துணி போட்டு மூடிட்டாங்க. ஒரு ஊசி இல்ல, ஒரு மருந்து இல்ல. ஆனா எங்கம்மா விசுவாசிச்சாங்க. முழங்கால்ல நின்னு விட்டுக்கொடுக்காம விசுவாசிச்சாங்க. நான் கண்ணத் தொறந்து சொன்ன மொத வார்த்தை இயேசப்பா." மைதானம் முழுக்கக் கை தட்டியது. உங்கம்மா முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று நீ நினைத்திருப்பாய்.

என் பக்கத்தில் கலசப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. நீ மேடையிலிருந்து ஜெபித்தபோது அந்தத் தாய் குழந்தையின் காதுகளைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெபம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, பின்னால் போய் நின்று குழந்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அது பாட்டுக்கு மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. அப்போது உன் தொண்டர் ஒருவர், சட்டையில் பேட்ஜ் குத்தியவர், வந்து கேட்டார்: "வீட்ல யாருக்காச்சும் அவிசுவாசம் இருக்குதா சிஸ்டர்? எங்கியோ தடை இருக்குது." அந்தப் பெண் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். அந்த ஆள், வயலில் வேலை செய்கிறவன், கை காலெல்லாம் சேற்றுப் புண்ணோடு வந்தவன், "நான் இன்னாம்மா பண்ணேன்?" என்றான். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நீ எப்போதாவது யோசித்தாயா? காது கேட்காத குழந்தையோடு வந்தார்கள். போகும்போது ஒரு குற்றவாளியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சரி, உன் சாட்சிக்கு வருகிறேன். நீ அப்போது நினைவில்லாமல் கிடந்தாய். நான் அங்கே நின்றிருந்தேன். அதனால் இதை நான் சொல்கிறபடி கேள்.

நீ ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாய். சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக்கடையில் பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் உன் கழுத்து வளையவில்லை. காலையிலேயே வலிப்பு வந்துவிட்டது. ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "மூளைக் காய்ச்சல் மாதிரி தெரியுது, நேரம் போக்காதீங்க, வேலூருக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நம் தெருவில் பட்டு மூட்டை ஏற்றுகிற பாஷா பாய் வேனை எடுத்தார். "பாய், ஜல்தி" என்றேன். கண்ணமங்கலம் தாண்டுகிற வரைக்கும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அவர் என்ன ஓதினார் என்று நான் கேட்கவில்லை. உன் சாட்சியில் பாஷா பாய் இல்லை.

வேலூரில் ஒரு லேடி டாக்டர், சின்னப் பெண், உன் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார். அதற்குப் பிறகு உன் கையில் ஊசி இறங்காத நேரமே கிடையாது. கை வீங்கிப்போனதும் காலில் நரம்பு தேடினார்கள். யாரும் உன்னைக் கைவிடவில்லை. வெள்ளைத் துணி யாரும் போர்த்தவில்லை. உன் மேல் கிடந்தது ஒரு பழைய பச்சைப் போர்வை, ஓரத்தில் கிழிந்தது. அந்த டாக்டர் ஒருநாள் உன் கட்டிலருகே நின்றபடியே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். நீ எப்போது கண் விழிப்பாய் என்று அவருக்கும் தெரியாது. தெரியாமலேதான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். உன் சாட்சியில் அவரும் இல்லை.

உங்கம்மா முழங்காலில் நின்றாள் என்கிறாய். அவள் நிற்கவில்லை எபி. போளூரில் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவள், பால்வாடிக் குழந்தைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவள், அந்த வார்டில் அவளுக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "கண்ணத் தொறடா, கண்ணத் தொறடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கடவுளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னாள். நீ அவளை மேடையில் விசுவாச வீராங்கனை ஆக்கும்போதெல்லாம் அவள் தலை குனிவது இதனால்தான். தான் செய்யாத ஒன்றுக்குக் கைதட்டல் வாங்குகிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் எடுத்தவன் நான். அதற்காக என் அண்ணன், உன் பெரியப்பா, என் வாசல் மிதிப்பதை நிறுத்தியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் கடவுளைத் திட்டினேன். வாய்விட்டு, கெட்ட வார்த்தையில் திட்டினேன். அந்த நேரத்தில்தான் நம் சபையின் அன்றைய ஆயர், வயசானவர், ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். நான் திட்டியது அவர் காதில் விழுந்திருக்கும். நான் சொன்னேன்: "ஐயா, எனக்கு விசுவாசம் கெடையாது. நான் நின்னா உங்க ஜெபம் பலிக்காதுன்னா சொல்லிடுங்க, கீழ போயிடறேன்." அவர் குடையை மடித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "யாருக்கு எவ்ளோ இருக்குதுன்னு பாக்கறதுக்கு நான் வரலப்பா. நீ இங்கியே நில்லு" என்றார். உன் நெற்றியில் கை வைத்து நாலைந்து வாக்கியம் ஜெபித்தார். உங்கம்மா தலையிலும் கை வைத்தார். அப்புறம் "காலைலேர்ந்து இன்னா சாப்ட்ட?" என்று கேட்டு என்னைக் கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், நான் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே உன் பெரியப்பாவும் வந்தார். படவேட்டம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு வந்திருந்தார். வார்டு வாசலில் தயங்கி நின்றவரை உங்கம்மாதான் "உள்ள வாங்க மாமா" என்று கூப்பிட்டாள். அவர் உன் நெற்றியில் குங்குமம் வைத்தார். உங்கம்மா தடுக்கவில்லை. ஆயர் கை வைத்த அதே நெற்றிதான்.

பிறகு ஒரு மத்தியானம் நீ கண்ணைத் திறந்தாய். எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அம்மா, ஒண்ணுக்கு வருது." நர்ஸ் சிரித்துக்கொண்டே பாத்திரத்தை எடுத்து வந்தார். உங்கம்மா அழுதபடியே சிரித்தாள். அந்த வார்த்தையைவிடப் பரிசுத்தமான ஒன்றை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அதை மாற்றி ஏன் இயேசப்பா என்கிறாய்? அவருக்கு இது போதாதா?

அங்கே விசுவாசம் யாரிடம் இருந்தது, சொல் பார்ப்போம். உன்னிடம் இல்லை, உனக்கு நினைவே இல்லை. உங்கம்மாவுக்கு வாயில் ஜெபமே வரவில்லை. நான் திட்டிக்கொண்டிருந்தேன். பாய் தன் வழியில் ஓதினார், பெரியப்பா தன் வழியில் முடிந்து வைத்தார், ஆயர் ஜெபித்தார், டாக்டர் ஊசி போட்டார். நீ பிழைத்தாய். இதில் எது உன்னைப் பிழைக்க வைத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றிலிருந்துதான் நான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். தெரிந்துகொண்டதால் போகவில்லை. யாருக்கோ நன்றி சொல்லியாக வேண்டும் போலிருந்தது, அதனால் போனேன். நீ என்னை மேடையில் ஏற்றினால் என்னால் சொல்ல முடிந்த சாட்சி இவ்வளவுதான். இது உங்கள் சி.டி.க்கு ஆகாது.

என் தொழில் உனக்குத் தெரியும். பட்டுப்புடவைக் கரைக்குத் தறியில் மாட்டும் டிசைன் அட்டையில் துளை குத்துகிறவன். ஒரே ஓர் அட்டையில் துளை தவறினால், அந்தப் பிசகு புடவை முழுக்க, ஒவ்வொரு பூவிலும், அதே இடத்தில் வந்துகொண்டே இருக்கும். நீ உன் கதையில் ஊசியை எடுத்துவிட்டாய். சின்ன விஷயம் என்று நானும் முதலில் சும்மா இருந்தேன். புள்ளை ஆர்வத்தில் கூட்டிச் சொல்கிறான், போகட்டும் என்றிருந்தேன். அந்தப் பிசகு நம் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்தது.

ஜெபத்தினால் யாருக்கும் குணமாகாது என்று நான் சொல்ல வரவில்லை. உன்னையே எடுத்துக்கொள். செய்யாறு கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது உன் மேல் அடித்த வாடை எங்களுக்குத் தெரியாமலா இருந்தது? அந்த ஜெபக்குழுப் பையன்கள்தான் உன்னைத் தூக்கி நிறுத்தினார்கள். நீ குடியை விட்டதற்கு நான் இன்றைக்கும் அவர்களை மதிக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகிறேன் என்றபோதுகூட நான் அதிகம் தடுக்கவில்லை. ஆனால் எழுந்து நின்றவன் விழுந்து கிடப்பவனிடம் போய், "உனக்கு விசுவாசம் இருந்தா நீயும் எழுந்திருப்ப" என்று சொல்வது எங்கிருந்து வந்தது? உன்னைத் தூக்கியவர்கள் உன்னிடம் அப்படிச் சொல்லவில்லையே.

போன வருஷம் பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். நான் தேவிகாபுரத்துக்கு அட்டை கொடுக்கப் போயிருந்தேன். அன்று வீட்டில் நடந்ததை உங்கம்மா பிற்பாடு ஆஸ்பத்திரியில்தான் எனக்குச் சொன்னாள். அவள் சமையலறையில் நின்று வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து உன் முகம் மாறியதாம். "இன்னும் எவ்ளோ நாளைக்கும்மா இத்த குத்திகினு இருப்ப? எங்கெங்கியோ இருந்து வந்து ஜெபம் பண்ணிகினு சுகமாயிப் போறாங்க. என்னைப் பெத்தவ ஊசி போட்டுகினு இருந்தா ஜனங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாயாம். எண்ணெய் எடுத்து அவள் நெற்றியில் பூசி ஜெபித்தாய். "ஊசிய எடுத்து வச்சிட்டீன்னா நீ நம்பறேன்னு அர்த்தம். மறுபடி எடுத்தீன்னா நம்பலன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

அவள் எடுத்து வைத்துவிட்டாள். காலையில் நான் "ஊசி போட்டியா?" என்று கேட்டால் "ஆச்சுங்க" என்பாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. செருப்பு கடித்துச் சுண்டு விரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஒருநாள் முற்பகல் குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சுக் குழறி, என்னை எபி என்று கூப்பிட்டுக்கொண்டே சரிந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆரணி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே டாக்டர் கேட்டார்: "இன்சுலின் ஒழுங்கா போடறாங்களா?" நான் அடித்துச் சொன்னேன்: "தினமும் போடறாங்க சார், ஒருநாள்கூட விட்டதில்ல." ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்தவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது எனக்கு இருந்த கோபத்தை இந்தக் காகிதத்தில் எழுத வராது. மறுபடி வேலூர். விரலை எடுத்த பிறகுதான் உயிர் தங்கியது.

நீ வந்தாய். தனியாக வரவில்லை, ஊழியத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கட்டிலருகே நின்று நீ அவளிடம் கேட்டது உனக்கு நினைவிருக்கிறதா? "நடுவுல சந்தேகப்பட்டியாம்மா?" கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. காலில் கட்டு. பரீட்சையில் தோற்ற பிள்ளை வாத்தியாரிடம் சொல்வதைப் போல அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள்: "காலு ரொம்ப வலிச்சப்போ ஒரு தபா... போட்டுக்கலாமான்னு நெனச்சேம்பா. எனக்குத்தான் விசுவாசம் பத்தல." நீ "பாத்தீங்களா?" என்றாய். அவளிடம் இல்லை, உன்னோடு வந்தவர்களிடம். நான் வார்டை விட்டு வெளியே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் உன்னை அடித்திருப்பேன். இப்போது நினைத்தால், அடித்திருக்கலாமோ என்றுதான் தோன்றுகிறது.

உனக்கு ஒன்று தெரியுமா? அவள் கடவுளை நம்பி ஊசியை நிறுத்தவில்லை. நான் கேட்டேன். "என்ன தைரியத்துல நிறுத்தின?" என்று கேட்டேன். "நான் போட்டுகினு இருந்தா ஊர்ல அவன கேலி பண்ணுவாங்கன்னு சொன்னான்" என்றாள். உன் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று தன் விரலைக் கொடுத்தவளைப் பார்த்து நீ விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். ஆனால் எப்படி என்று உனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறாள். மருந்துப் புட்டியை ஃபிரிட்ஜில் புளி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். சபைப் பெண்கள் வந்தால் ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டாள். தண்ணீர் கேட்டாலும் பானைத் தண்ணீர்தான். கதவுக்கு வெளியே நிற்கும் எனக்கு ஒவ்வொரு காலையும் கேட்கிறது: "மன்னிச்சிடுங்க ஆண்டவரே." ஊசி குத்துவதற்கு முன்னால் சொல்கிறாள். திருட்டு வேலை செய்கிறவள் மாதிரி. உயிர் காக்கும் மருந்தை ஒருத்தி தினமும் பாவம் என்று நினைத்துக்கொண்டே உடம்பில் ஏற்றிக்கொள்கிறாள் எபி. இதை நான் தினமும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. அவள் திருவிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் எழுந்து அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போய் மண்டியிடும்போது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். கால் வலியால் மண்டியிட முடியவில்லை என்று முதலில் நினைத்தேன். நின்றபடியே வாங்கலாம், ஆயரிடம் சொல்கிறேன் என்றேன். "காலுக்காக இல்லீங்க. விசுவாசம் இல்லாதவ அத்த வாங்கக் கூடாது" என்றாள். இப்போது இருக்கும் ஆயரை வீட்டுக்கு அழைத்து வந்து பேசச் சொன்னேன். இளைஞர், நல்லவர், பொறுமையாகச் சொன்னார். நோய் குணமாகாதது யாருடைய குற்றமும் இல்லை, மருந்தும் கடவுள் தருவதுதான் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அடுத்த மாதமும் எழவில்லை. கேட்டால், "அவரு படிச்சிட்டு வந்து சொல்றாரு. எம்புள்ள ஜெபத்துல கேட்டுச் சொல்றான்" என்கிறாள். எனக்குப் பேஜாராகிவிட்டது. "உம்புள்ள சொன்னா கிணத்துலகூட குதிப்பியா?" என்று கத்தினேன். அவள் சத்தமே இல்லாமல், "குதிச்சிதானே பாத்தேன்" என்றாள்.

ஊசியை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நீ எடுத்துக்கொண்டு போன மற்றொன்றைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஆயராலும் முடியவில்லை. நீ நோயைக் குணப்படுத்துகிறவன் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நீ உண்டாக்கிய இந்த நோயை முதலில் குணப்படுத்து. இதற்கு அபிஷேகம் வேண்டியதில்லை.

நீ ஊழியம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய். வருகிறவர்களுக்காக ஜெபி, தலையில் கை வை, கூட உட்கார்ந்து அழு. குணமானால் சேர்ந்து சந்தோஷப்படு. ஆகாவிட்டால், ஏன் ஆகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொள். அதைச் சொல்வதற்குத்தான் உனக்கு விசுவாசம் வேண்டும். தடை எங்கே என்று வீடு புகுந்து தேடாதே. நோயாளி ஏற்கெனவே ஒரு சுமையோடு உன்னிடம் வருகிறான். கடவுள் செய்யாததற்கும் அவனையே பொறுப்பாக்கி அனுப்பாதே. மருந்தை நிறுத்து என்று யாரிடமும் சொல்லாதே. கம்பெனியில் மெஷின் ஓட்டினவனுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்தும் வரவில்லை.

போன முதல் ஞாயிறு ஒன்று நடந்தது. திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். வழக்கப்படி நானும் எழுந்தேன். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். காலியான பெஞ்சு வரிசையில் அவள் மட்டும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னால் போக முடியவில்லை. திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பதறிவிட்டாள். "ஏங்க, நீங்க போங்க" என்றாள். "வராண்டால நின்னு திட்டினவன் நான். நானே இவ்ளோ வருஷமா வாங்கிகினு இருக்கேன். உனக்கு இல்லாத தகுதி எனக்கு எப்படி வந்துது?" என்றேன். "எனக்காக நீங்க விடாதீங்க, பாவம் எம்மேல வரும்" என்று அழ ஆரம்பித்தாள். முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவள் சோறு போட்டாள். "அடுத்த மாசமும் உக்காந்துப்பீங்களா?" என்றாள். "ஆமாம்" என்றேன்.

இந்தக் கடிதத்தை இன்று காலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி எழுதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நடுவில் இரண்டு முறை எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தாள். முடித்ததும், "வெரல் போனதை எடுத்துடுங்க. படிச்சா அவனுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள். நான் எடுக்கவில்லை. உனக்குக் கஷ்டமாக இருக்க வேண்டும்.

உன் அபிஷேகத்துக்கு முன்னால் வரும் ஞாயிறு இங்கே திருவிருந்து. காலையில் கிளம்பினால் ஆராதனைக்கு வந்து சேரலாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வராதே. எண்ணெய் வேண்டாம், நீளமான ஜெபமும் வேண்டாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல். நான் சொல்லி ஆகவில்லை, ஆயர் சொல்லி ஆகவில்லை. உன் வாயால் போனது உன் வாயால்தான் திரும்பி வரும். அப்படி வந்தால் அபிஷேகத்துக்கும் நாங்கள் வருவோம், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்ப்போம். மேடைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே.

நீ வராவிட்டாலும் நாங்கள் அன்று கோயிலில் இருப்போம். அவள் எழுந்தால் நானும் எழுவேன். அவள் உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா